அப்பா கைவிடப்போகும் பொருள்

நாரம்மலை,
புதன்கிழமை இரவு

'உள்விளக்கு' பகுதியை எழுதும் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தாங்களும், தங்கள் வீட்டாரும், ஞாயிறு பத்திரிகையை அச்சடித்து விடியுமுன் எங்கள் ஊர்வரை அனுப்பிவைக்கும் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். என் பெயர் சந்துனி, பத்தாம் வகுப்பில் படிக்கிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். கொசுவலைக்குள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். இருமல் வந்தால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

என் அப்பா பந்துல, பஸ் நிறுத்தத்தில் தேநீர்க்கடை வைத்திருக்கிறார். மனிதன் தன்னைத் தானே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் எழுதிய நாளிலிருந்து, ஒரு வாரம்கூட உங்கள் பயிற்சியை அவர் விட்டதில்லை. மூக்குக்கண்ணாடி மேல் தானே உட்கார்ந்து உடைத்துவிட்டதால், நான்தான் சத்தமாக வாசித்துக்காட்டுகிறேன். புதுக்கண்ணாடி சனிக்கிழமை வருகிறது. இந்த ஞாயிறு அவரே வாசிப்பார். அதற்குள் நீங்கள் ஒரு திருத்தம் போட வேண்டும். போடாவிட்டால் வரும் பௌர்ணமியன்று அப்பா என்னை அனுராதபுரத்துப் பெண் துறவிகள் மடத்தில் விட்டுவிடுவார். அங்கே தலையை மழித்துவிடுவார்கள்.

முதலில் நீங்கள் ஒரு வாரம் உண்மையை மட்டும் பேசச் சொன்னீர்கள். கொழும்பு பஸ் டிரைவர் மீன் பணிஸ் புதுசா என்று கேட்டார். அப்பா, "நேத்துப் போட்டது. உள்ள மீனும் பேருக்குத்தான், எல்லாம் உருளைக்கிழங்கு" என்றார். அன்றிலிருந்து பஸ் எதிர்க்கடையில் நிற்கிறது. மரண உதவிச் சங்கத்துச் செயலாளர் குணதிலக மாமா தேர்தலில் நிற்கிறார், அவர் அப்பாவின் கையைப் பிடித்து ஓட்டுக் கேட்டதற்கு, போன தடவையும் போடவில்லை, இந்தத் தடவையும் போடமாட்டேன் என்று அப்பா சொல்ல, மாமா கையை விட மறந்து அப்படியே நின்றார்.

அடுத்த வாரம், உங்கள் சாவு வீட்டில் என்ன பேசுவார்கள் என்று கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள் என்று எழுதினீர்கள். நாமே நினைத்தால் நல்லதாகத்தான் நினைப்போம், காதால் கேட்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். சங்கத்தின் வெள்ளைக் கொடிகளைக் கேட்டதற்கு, பிணம் இல்லாமல் கொடி கொடுக்க விதியில் இடமில்லை என்று குணதிலக மாமா மறுத்தார். அம்மா பன்சலைக்குப் புத்தரைக் கும்பிடப் போகும்போது உடுத்தும் வெள்ளைச் சேலையை அப்பா கிழித்துப் பாலத்திலிருந்து எங்கள் படலைவரை தானே கட்டினார். அப்பா செத்துவிட்டார் என்று நம்பிச் சனம் சீனியும் பிஸ்கட்டும் கொண்டு வந்தது. அப்பா திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு கேட்டார். தேங்காய் விலையைப் பேசினார்கள், மழையைப் பேசினார்கள், தேநீர் எப்போது வரும் என்று கேட்டார்கள். கடைசியில் யாரோ, "பாவம் மனுஷன். குடிக்காத நேரத்தில நல்லவன். அந்த நேரந்தான் வரல்ல" என்றார்கள். அப்பா எழுந்து வெளியே வந்தார். ஒரு பெண் மயங்கி விழுந்தாள். மற்றவர்கள் தங்கள் பிஸ்கட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று இரவு அப்பா எவ்வளவு குடித்தார், பிறகு என்ன நடந்தது என்பதை நான் எழுதமாட்டேன். அம்மா ஒரு வாரம் கடைக்கு வரவில்லை.

போன ஞாயிறு வந்ததுதான் கொடுமை. உங்கள் மனம் எதை விடாமல் பிடித்திருக்கிறதோ அதைக் கைவிடுங்கள் என்ற பயிற்சி. அப்பா பலாமரத்தடியில் உட்கார்ந்து யோசித்தார். நேற்று இரவு சோற்றுக்கு முன்னால் முடிவைச் சொன்னார்.

"கடையில்ல. மோட்டார் சைக்கிளும் இல்ல. சந்துனிதான்."

அம்மா அகப்பையைக் கீழே வைக்காமலே, "அப்ப நான்?" என்று கேட்டாள்.

"உன்னையும் யோசிச்சேன். உன்மேல இருக்கிறது பற்று இல்ல, பழக்கம்."

"நல்லது. பழக்கத்தை விடச் சொல்லி எந்தக் கிழமை வரும்? முன்னாடியே சொல்லிடுங்க, துணியெல்லாம் மடிச்சு வைக்கிறேன்."

அப்பா என் பக்கம் திரும்பினார். அப்படி மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "பயப்படாத மகள். விடும்போது வலிக்கணும். வலிக்காட்டி அது பயிற்சியே இல்ல."

மடத்தில் அவருடைய அத்தை இருக்கிறாராம், இடம் இருக்கிறதாம். முன்பெல்லாம் அப்பா இரவில் எடுக்கும் முடிவு காலையில் அவருக்கே நினைவிருக்காது. ஒரு தடவை கடையை விற்றுவிட்டு இத்தாலிக்குப் போகிறேன் என்று எங்களை எழுப்பி அழவைத்தார், விடிந்தால் பணிஸுக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கிறார். இப்போது ஞாயிறிலிருந்து ஒரு சொட்டும் தொடவில்லை. தெளிந்த மனதோடு யோசித்து, தெளிந்த மனதோடு என்னைக் கொடுக்க வேண்டுமாம். அதனால் காலையிலும் நினைவிருக்கிறது.

ஐயா, 'பிள்ளைகள் இதில் அடங்கமாட்டார்கள்' என்று ஒரே ஒரு வரி போடுங்கள். சின்ன எழுத்தில் போட்டாலும் போதும், புதுக்கண்ணாடிக்குத் தெரியும். கடிதத்தை நாளை விடிகாலை எதிர்க்கடையில் நிற்கும் கொழும்பு பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

மும்மணிகளின் காவல் தங்களுக்கும் தங்கள் பேனாவுக்கும் கிட்டட்டும்.

தங்கள் பகுதியை வாசித்துக்காட்டும்,
சந்துனி

பின்குறிப்பு: வாசித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்குக் குழப்பமாக இருந்திருக்கும். போன ஞாயிறு நீங்கள் எழுதியது விடியுமுன் எழுவதைப் பற்றி. கடை திறக்க அப்பா அதை எப்போதிருந்தோ செய்கிறார். அதை விட்டுவிட்டு, கைவிடும் பயிற்சியை நானே சொல்லி வாசித்தேன். பிறகு அந்தப் பக்கத்தில் பணிஸ் சுற்றிக் கொடுத்துவிட்டேன். அப்பா சாராயத்தைத்தான் சொல்வார் என்று நினைத்தேன். வேறு எதையும் அவர் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

இப்போதுதான் சமையலறையில் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. டார்ச்சை அணைத்துவிட்டுப் பார்த்தேன். அப்பா போத்தலை எடுத்து மோந்து பார்த்தார். நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு வெளியே போய்ப் பாக்குமரத்தடியில் ஊற்றிவிட்டு வந்து படுத்தார். அம்மா அறைக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் தூங்குகிறாள். எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை.

திருத்தம் வந்தால் அப்பா என்னை விடமாட்டார், பிறகு போத்தலையும் விடமாட்டார். ஆகவே, ஐயா, திருத்தம் போட வேண்டாம்.