பதினைந்து நிமிடத் தோழமை

நூறு வயதுவரை இருந்தே தீருவது என்று கிளம்பியிருக்கும் ஓர் இனம் உண்டு. எங்கள் அசுவா ஊரில் தெருவுக்கு இரண்டு பேர் தேறுவார்கள். வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும், பென்ஷன் ஒழுங்காக வரும், நியூயார்க்கிலிருந்து மகள் அனுப்பிய கடிகாரம் மணிக்கட்டில் அடிகளை எண்ணிக்கொண்டிருக்கும். நீங்கள் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் வராது. உங்கள் ரத்த அழுத்தம் எவ்வளவு என்ற கேள்விதான் வரும்.

எங்கள் எலிஹியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். தபால் இலாகாவில் ஓய்வுபெற்றவர். விடிவதற்கு முன் எழுந்து, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே இடது கையால் பல் துலக்கி, மூளையின் சோம்பேறிப் பாதி விழித்துவிட்டதா என்று உறுதிசெய்துகொண்டு, பூங்காவைப் பின்பக்கமாகவே பதினோரு சுற்று நடந்து, வழியில் ஓர் இளநீர் வண்டியையும் ஒரு பாதிரியாரையும் இடித்துத் தள்ளி, வீடு திரும்பி, மசித்த வாழைக்காயோடு உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் "ஒரு வாய்க்கு ஒரு நாள் ஆயுசு போச்சு" என்று ஆசீர்வதித்துவிட்டு, ஊறவைத்த ஏதோ விதையை நாற்பது தடவை மெல்லுவார். அந்த அம்மாள் நிம்மதியாகச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று? கேட்காதீர்கள்.

சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் அவருடைய அப்பா கடைசி மூன்று வருடம் பெற்ற மகனையே அடையாளம் தெரியாமல் கிடந்து செத்தார். அந்தப் பயம்தான் மனிதரைப் பின்பக்கமாக நடக்கவைக்கிறது. எனக்கும் அந்தப் பயம் உண்டு. நான் முன்பக்கமாக நடக்கிறேன், அவ்வளவுதான்.

முப்பத்தொரு வருடமாகக் கடை வாசலில் நாங்கள் நான்கு பேர், இருவர் இருவராகக் கட்சி சேர்ந்து, புள்ளிக் காய்களை வைத்து டோமினோ ஆடினோம். எலிஹியோவுக்கு எதிரே உட்காருபவர் நிக்கானோர், ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். எதிரே இருப்பவன்தான் கூட்டாளி. அவனோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது. காயை வைக்கும்போது அவன் தயங்குகிற விதத்திலேயே கையில் இருப்பதைப் படித்துவிட வேண்டும். இவர்கள் இருவரும் அப்படி ஒருவரையொருவர் படித்தவர்கள்.

உட்கார்வது விஷம் என்று எலிஹியோ எங்கோ வாசித்தார். வருவதை நிறுத்திவிட்டார். மூன்று பேர் என்ன ஆடுவது? ஐந்து மாதம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம், நாலு பேரோடு பழகினால் மூளை துருப்பிடிக்காது என்று வேறெங்கோ வாசித்தார். அடுத்த செவ்வாய் ஆள் ஆஜர்.

"வாய்யா, செத்துட்டியோன்னு நெனச்சோம்" என்று நிக்கானோர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு.

"பழகுறதுக்குப் பதினஞ்சு நிமிஷம் ஒதுக்கியிருக்கேன். வாரத்துக்கு ரெண்டு நாள். சீக்கிரம் காயக் கலக்கு."

ஆட்டம் சூடு பிடித்தது. நிக்கானோர் கையில் ஒரே காய். எலிஹியோ தன்னிடமிருந்த ஆறு புள்ளிக் காயை வைத்தால் வெற்றி அவர்களுக்கு. அந்த நேரம் பார்த்துக் கடிகாரம் கூவியது. எலிஹியோ காய்களைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்.

"ஆறு உங்கிட்டதானே இருக்கு? ஒக்காருப்பா." ஆட்டத்தின் நடுவே நிக்கானோர் வாய் திறந்தது அந்த முப்பத்தொரு வருடத்தில் அன்றுதான்.

"நேரம் முடிஞ்சுது. அடுத்து மூச்சுப் பயிற்சி. நீயும் செய்யணும், எழுபத்திரண்டு ஆகுதில்ல?"

"எழுபத்திநாலு" என்றார் நிக்கானோர்.

வியாழக்கிழமை எலிஹியோ ஒரு நிமிடம் பிசகாமல் வந்தார். அந்த நாற்காலியில் மீன்காரி ஃபிலோமேனா உட்கார்ந்திருந்தாள். எண்பத்தொரு வயது, வாயில் சுருட்டு, பயிற்சி ஒன்றும் கிடையாது. மூன்றாவது சுற்றிலேயே யார் கையில் என்ன காய் என்று கண்டுபிடித்துவிடுவாள்.

"கொஞ்சம் எந்திரிங்கம்மா, அது என் எடம்."

ஃபிலோமேனா நிக்கானோரைப் பார்த்தாள். நிக்கானோர் தலையை நிமிர்த்தி, எலிஹியோவை மேலும் கீழும் பார்த்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"ஐயா யாரு?"

யாரும் சிரிக்கவில்லை. எலிஹியோவின் வாய் கோணிற்று. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் முறை வந்துவிட்டதால் காயை வைத்தேன்.

நீங்கள் அந்த இனம் இல்லை, எனக்குத் தெரியாதா? உடம்பைக் கொஞ்சம் கவனித்துக்கொள்கிறீர்கள், நேரம் கிடைப்பதில்லை, அவ்வளவுதானே. சும்மா ஒன்று கேட்கிறேன். வாராவாரம் உங்களுக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாரே, அவரைக் கடைசியாகப் பார்த்தது எப்போது? அவசரமில்லை, நன்றாக யோசியுங்கள். மூளைக்கு நல்லது.