பாவுக்குள் பாய்ந்த மாப்பிள்ளை

குருட்டாம்போக்கு என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருள் போட்டிருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அதற்குப் பொருள் நான்தான்.

எட்டாவது படிக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூடம் போகாமல், முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன். அது வேலூர் போயிற்று. அதனால் வேலூரில் தட்டு கழுவினேன். ஓசூர் பஸ் வந்திருந்தால் ஓசூரில் கழுவியிருப்பேன். அப்புறம் லாரி கிளீனர், செங்கல் சூளை, பந்தல் வேலை. சாப்பாடு கிடைத்த ஊரில் இருந்தேன், கிடைக்காத ஊரிலிருந்து கிளம்பினேன். கடைசியில் காஞ்சிபுரத்துக்கே திரும்பி, வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடும்போதுதான் செல்வியைப் பார்த்தேன். கூடவே தனசேகரையும்.

தனசேகர் அவளுக்கு மாமன் மகன். நல்ல தறிக்காரர். கத்தரிக்காயைக்கூட ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார். செல்வி வீட்டில் அவருக்குக் காபி. எனக்கு, நான் தூக்கிவந்த கேனிலிருந்தே தண்ணீர். (அதையும் நானே பிடித்துக் குடிக்க வேண்டும்.) அவர் சட்டை மடிப்பைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

ஒரு காலையில் தனசேகர் பூவும் பழமுமாகச் செல்வி வீட்டுக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். பெண் கேட்கத்தான் என்று முடிவுகட்டி, முதலாளியின் ஸ்கூட்டரைச் சொல்லாமல் எடுத்தேன். போய் என்ன பேசுவது என்று யோசிக்கவில்லை. அவருக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். குறுக்குச் சந்தில் திருப்பி முறுக்கினேன்.

தறிக்காரர் தெருவில் காலையில், புடவைக்கான பட்டு இழைகளைப் பாவாகத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். சந்து முனையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்க வேண்டும். அந்தத் தெரு மாடுகளே நின்று பார்க்கும். நானும் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன்தான்.

நான் பார்த்தபோது அரக்கு நிறப் பாவுக்கு உள்ளே இருந்தேன். ஹேண்டில்பார், கண்ணாடி, என் காது என்று எல்லாவற்றிலும் பட்டு. செல்வியின் அப்பா வீட்டுப் பாவு அது. தனசேகர் கொண்டுவந்த பூவும் பழமும் அந்தப் புதுப் பாவுக்குப் பூஜை போட.

“ஏம்பா, நீ நம்ம ஜனந்தானே?” என்றார் அவள் அப்பா. திட்டியிருந்தால் தேவலை.

“பிரேக்குனு ஒண்ணு இருக்குமே, அத்த என்னா பண்ணீங்க?” என்றாள் செல்வி.

அறுந்த இழைகளைப் பிணைக்க உட்கார்ந்தோம். தனசேகரின் முடிச்சு கண்ணுக்கே தெரியவில்லை. என்னுடையது சுண்டைக்காய் மாதிரி இருந்தது. அதைச் செல்வி ஒப்பிட்டுப் பார்த்தது பாவு அறுந்ததைவிட வலித்தது. அந்த முடிச்சு அழகில் சொக்கித்தானோ என்னவோ, அவள் அப்பா தனசேகரிடம் கேட்டேவிட்டார்: “செல்விய நீயே கட்டிக்கிறியாப்பா?”

தனசேகர் இழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “யோசிச்சிச் சொல்றேன் மாமா. தை போவட்டும்.”

செல்வியின் விரல் நின்றது. என் பக்கம் திரும்பினாள். “நீங்க என்னாத்துக்கு அவ்ளோ வேகமா வந்தீங்க?”

“உங்களக் கட்டிக்கத்தான்” என்றேன். அது வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

“சரி” என்றாள்.

அவள் அப்பா சரி சொல்ல, அந்தப் புடவை தறியை விட்டு இறங்கும்வரை ஆயிற்று. அதையே முகூர்த்தத்துக்குக் கட்டினாள். தடவிப் பார்த்தால் என் முடிச்சுகள் இன்றும் கையில் தட்டுப்படும்.

ஏன் என்னைக் கட்டிக்கொண்டாய் என்று கேட்டால், “அன்னிக்கி யோசிக்கலபா, குருட்டாம்போக்குல சொல்லிட்டேன்” என்கிறாள். ஒரு காரணமாவது சொல்லேன் என்று கெஞ்சியும் பார்த்துவிட்டேன். தனசேகருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வரும்போதெல்லாம் அவருக்குத்தான் முதல் காபி. போகும்போது எங்கள் சந்து முனையில் நின்று, தெருவை இருபக்கமும் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்.

நான் வண்டியை எடுத்தால் மட்டும் தெருவிலிருந்து குரல் வரும்:

“பாவ மடிங்கப்பா, மாப்ள வர்றாரு.”