வாசல்நிலைக்கு அடியில் ஒரு சக்கரவர்த்தி

தேய்ந்த காசு சேர்க்கிறவனுக்குப் பெண்கூடக் கொடுக்கலாம். நல்ல காரியத்தில் பொறுப்பு மட்டும் கொடுக்கக் கூடாது. இதை எங்கள் வீட்டில் என்னை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

நான் சிவகாசியில் காலண்டர் ஆர்டர் பிடிக்கிறவன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். (மிச்சத்தை பஸ்ஸில் படித்தேன்.) ரோமாபுரியின் பழைய செப்புக்காசு என்றால் எனக்கு உயிர். பளபளப்பானது வேண்டாம். கப்பலேறி வந்து, நம் பக்கத்துச் சந்தைகளில் யார் யார் இடுப்பு முடிச்சிலோ கிடந்து, மூக்கும் முழியும் தேய்ந்து போனதாக இருக்க வேண்டும். என்னிடம் இருந்ததிலேயே உருப்படியான காசைக் கம்பெனியில் காட்டியபோது ஒருவன் கேட்டான்: "காது தெரியுது. மத்த ஆளு எங்கனலே போனாரு?"

அந்தக் காதுக்காரர் எந்தச் சக்கரவர்த்தி என்று வருடக்கணக்கில் லென்ஸ் வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. கடைசியில் மதுரையில் ஒரு வரலாற்றுப் பேராசிரியர், "கொண்டு வாங்க, பெயரைக் கண்டுபிடிச்சிரலாம்" என்றார். அவர் வரச் சொன்ன அன்று காலையில்தான் சாத்தூரில் என் தங்கை செல்வியின் புது வீட்டுக்கு வாசல்நிலை வைக்கிறார்கள். அதை முடித்துக்கொண்டு அப்படியே மதுரைக்கு ரயிலேறுவது என் திட்டம்.

நிலை நிற்கும் இடத்தில் சின்னக் குழி எடுத்து, துளி பொன்னும் வெள்ளியும் செம்பும் போடுவார்கள். அதைப் போட வேண்டியவன் கூடப்பிறந்தவன். மூன்றையும் செல்வி கொடுத்த மஞ்சள் துணியில் முடிந்தேன். துணி மிச்சமிருந்தது. மதுரைக்குக் கொண்டுபோகிற காசு உரசாமல் இருக்கட்டுமே என்று மிச்சத்தைக் கிழித்து அதில் காசையும் முடிந்து, இரண்டு முடிச்சையும் ஒரே சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். (உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிய டிபன் ஆக வேண்டியிருந்தது.)

"நேரம் போகுது, போடுங்க மச்சான்" என்றார் செல்வியின் வீட்டுக்காரர். போட்டேன். குழிக்கு மேலே நிலையைத் தூக்கி நிறுத்தினார்கள்.

இட்லி சாப்பிட்டுவிட்டுச் சட்டைப் பையைத் தடவினேன். மிச்சமிருந்த முடிச்சை அவிழ்த்தால் செல்வியின் பொன் சிரித்தது.

நிலை செங்கல் முட்டில் நின்றுகொண்டிருந்தது. கீழே கை நுழையும் அளவுக்கு இடைவெளி. கொத்தனார் சாப்பிட்டு வந்து கலவை போட்டு அடைத்துவிட்டால் சக்கரவர்த்தி சமாதிதான். வெளியே சொன்னாலோ நிலையைத் தூக்க வேண்டும். வைத்த நிலையைத் தூக்குவது ஆகாது என்பார்கள். சத்தமில்லாமல் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். எல்லோரும் பந்தியில் இருந்தார்கள். வாசலில் குப்புறப் படுத்து, வலது கையை உள்ளே விட்டேன். முடிச்சு அகப்பட்டது. இறுக்கிப் பிடித்தேன். கை வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மல்லாங்கிணறுப் பெரியம்மா கை கழுவ வந்தார்.

"அடியே செல்வி, உங்கண்ணனைப் பாரு. ஒனக்காக எம்புட்டு நேரமா விழுந்து கும்பிடுறான்."

சொன்னதோடு விட்டாரா, என் பக்கத்தில் மண்டியிட்டு அவரும் விழுந்தார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். பின்னால் வரிசை நிற்கத் தொடங்கியது.

"கையை ஏன் உள்ள விட்டிருக்கீக மச்சான்?"

"பாதத்தைத் தொடுறேன் மாப்பிள்ளை."

"யாரு பாதத்தை?"

பதில் சொல்வதற்குள் கொத்தனார் கலவைச் சட்டியோடு வந்துவிட்டார்.

"கையை எடுங்கண்ணாச்சி."

"வரலை."

"போகும்போது எப்படிப் போச்சு?"

"வெறும் கையாப் போச்சு."

"இப்ப?"

"இப்ப கையில ஆளிருக்காரு."

படுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கொத்தனார் சட்டியை இறக்கி வைத்தார். "விட்டீகன்னா கை வரும். காசுதான் வேணும்னா நிலையைத் தூக்கணும்." பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் விடுவதாக இல்லை. மதுரையில் சக்கரவர்த்தியின் பெயர் காத்திருக்கிறது.

செல்வி குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். "இதுதான் நீ லென்சு வச்சுப் பாக்குற காசாண்ணே?"

"ஆமா."

நிமிர்ந்தாள். "தூக்கிருங்க கொத்தனாரே. எனக்கு ஒண்ணும் ஆகாது."

குரலில் நடுக்கமே இல்லை. ஆனால் அவள் கை தாலியைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. படுத்திருந்த எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

விரல்களை விரித்தேன். கை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பொன் முடிச்சையும் உள்ளே தள்ளிவிட்டு, "போடுங்க கலவையை" என்றேன். ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஒருவர் இன்று வரைக்கும் பெயர் தெரியாமல் சாத்தூரில் வாசல் காக்கிறார்.

அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போதெல்லாம் மாப்பிள்ளை நிலையை மறித்துக்கொண்டு, "கையைக் காட்டுங்க மச்சான்" என்பார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினால்தான் வழி விடுவார். போன தீபாவளிக்கும் காட்டினேன். உள்ளே முறுக்கு தின்றுகொண்டிருந்த பெரியம்மா எழுந்திருக்காமலே சொன்னார்: "மடியையும் தடவிப் பாருங்க மாப்பிள்ளை."