பூமிக்குள் போன பித்தளைக் குடம்

வெயில் குடைபிடிக்க, புழுதி சாமரம் வீச, கரிசல் பெருநிலத்தின் நடுவே வீற்றிருக்கும் கோவில்பட்டியில், தூக்கி எறியத் தக்கது என்று இவ்வுலகில் ஒன்றுமே இல்லை என்னும் ஒற்றை வேதத்தை நாற்பது ஆண்டாகக் கைவிடாத மாவீரன். அறுந்த செருப்பின் வாரைக் கதவுக்குக் கீலாக்கியவன். தீர்ந்த இருமல் மருந்துப் புட்டியை விளக்காக்கியவன். ஒடிந்த குடையின் கம்பிகளால் வீட்டார் அனைவருக்கும் முதுகு சொறியும் கோல் வகுத்தளித்த வள்ளல். தீப்பெட்டி ஆலையொன்றின் கணக்குப்பிள்ளையாகிய தங்கசாமியின் திருநாமம் ஓங்குக! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் ஆண்டு ஆவணியில் அவன் பூவுலகைத் தன் இரு கைகளால் சமைத்து, பின் அதைத் தன் மனையாளிடமிருந்து காக்கப் பொருத கதை இது.

போருக்கு வித்திட்டவள் அவன் ஒரே மகள், ஆறாம் வகுப்பு ராதாமணி. திங்கட்கிழமை பள்ளியில் கைவேலைக் கண்காட்சி, ஆளுக்கொரு பொருள் செய்து வரவேண்டும், தனக்கு ஒரு பூமி உருண்டை வேண்டும் என்றாள். கடைத்தெருவில் நல்ல உருண்டை இருப்பதாகவும் மெல்லச் சொல்லிவைத்தாள். தங்கசாமி எழுந்து நின்று பிரகடனம் செய்தான்:

"கடையில வாங்குனா அது கைவேலை இல்ல தாயி, காசுவேலை."

அவனிடம் ஆயுதம் இருந்தது. சலூனில் முறைக்குக் காத்திருந்தபோது ஒரு வாரப் பத்திரிகையில் 'காசில்லாக் கைவண்ணம்' என்னும் பகுதியை அவன் கண்டிருந்தான். உருண்டையான பாத்திரத்தின் மேல் பசை தடவிப் பழந்தாளைப் படலம் படலமாக ஒட்டி வெயிலில் காயவைக்க வேண்டும் என்றிருந்தது. காய்ந்தபின் செய்யவேண்டியது முப்பத்து நாலாம் பக்கத்தில் என்றும் இருந்தது. அந்த முப்பத்து நாலாம் பக்கத்தைத்தான் நாவிதர் சற்றுமுன் கிழித்து, அதில் யாரோ ஒருவர் தாடையின் சோப்பு நுரையைக் கத்தியிலிருந்து வழித்துப் போட்டிருந்தார். ஊழின் கை எவ்வளவு நுரையானது!

மண்பானையை உள்ளே வைத்துப் பிறகு உடைத்தெடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஒரு நல்ல பானையை உடைப்பதா? வேதம் தடுத்தது. வெள்ளிக்கிழமை காலையில் அவன் மனைவி பத்திரகாளி, தங்கைக்குப் பிள்ளை பிறந்ததைப் பார்க்க நாகலாபுரம் பஸ் ஏறினாள். பஸ் கண்ணுக்கு மறைந்ததும், அவள் சீராகக் கொண்டுவந்த, புளிபோட்டுத் துலக்கிய பித்தளைக் குடம் மைதாப்பசை தரித்தது. தீப்பெட்டி சுற்றும் நீலத்தாளின் கழிவில் ஏழு கடலும் பரந்தன. அச்சுப் பிசகிய லேபிள்களில் கண்டங்கள் எழுந்தன: மயில் படத்தில் ஆசியா, வடக்கே தலைவைத்த காளை படத்தில் ஆப்பிரிக்கா, விளக்குப் படத்தில் இரு அமெரிக்காக்கள், ஒற்றைச் சேவலாக ஆஸ்திரேலியா. வடதுருவத்தில் நீட்டிக்கொண்டிருந்த குடத்துக் கழுத்தின்மேல் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துப் பனிமலை என்று பெயரிட்டான். கரிசல் வெயில் இரண்டு நாளில் அவ்வுலகைப் பாறையாக்கியது.

ஞாயிறு மாலை பத்திரகாளி திரும்பினாள். மூன்று நாளைக்கொருமுறை சுரக்கும் தெருக்குழாயில் தண்ணீர் வந்திருந்த நேரம். வரிசையில் அவளுக்கும் இடம்பிடித்து வைத்திருந்த பக்கத்துவீட்டு ஜானகியம்மாள், வாசலிலேயே எதிர்கொண்டு, முன்னால் ஆறு குடம்தான் கிடக்கிறது என்று எச்சரித்தாள். பத்திரகாளி அடுக்களைக்குள் பாய்ந்தாள்; வெறுங்கையோடு வந்தாள்.

"ராதாமணி அப்பா, எங் கொடம் எங்க?"

தங்கசாமிக்குப் பொய்யுரைக்கத் தெரியாது.

"பூமிக்குள்ள இருக்கு" என்றான்.

"எதுக்குப் புதைச்சீய?"

அவன் கை, அலமாரிமேல் வீற்றிருந்த உலகை மெல்லச் சுட்டியது. அவள் சிரட்டையைத் தூக்கினாள். உள்ளே பித்தளை மின்னியது.

அதன்பின் நிகழ்ந்ததைப் பாட ஒரு நா போதாது. அவள் வடதுருவத்தைப் பற்றி இழுத்தாள். அவன் சேவலோடு சேர்த்துத் தென்துருவத்தைக் கட்டிக்கொண்டு பின்வாங்கினான். மதங்கொண்ட இரு வேழங்கள் ஒரு கரும்புக்கட்டை இழுத்தாற்போல் உலகம் முற்றத்துக்கும் அடுக்களைக்குமாக அலைந்தது. கழுத்தைச் சுற்றி விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். எண்ணெய் இறங்கியது, குடம் இறங்கவில்லை. தண்ணீரில் ஊறப்போட்டால் தானே கழன்றுவிடும் என்றாள் அவள். உலகம் கூழாகிவிடும் என்று அவன் கதறினான். மூன்று குடம்தான் இருக்கிறது என்று வெளியிலிருந்து ஜானகியம்மாளின் குரல் முரசறைந்தது.

அப்போது ராதாமணி எழுந்தாள். "பூமத்திய ரேகையில அறுத்துருங்கப்பா. பொறவு ஒட்டிக்கிடலாம்."

மகளின் மதியை மெச்சித் தங்கசாமி கத்தியை எடுத்தான். ஆப்பிரிக்கக் காளையின் வயிற்றருகே வந்ததும் கத்தியைப் பின்னிழுத்துக்கொண்டான். இரண்டு நாள் சோறு மறந்து ஒட்டிய காளை. கண் கலங்கி, கடலாக மட்டுமே போகும் ஒரு வழியைத் தேடி உருண்டையைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு வழியும் இல்லை. பத்திரகாளி கத்தியை அவன் கையிலிருந்து வாங்கினாள், குடத்தை மடியில் கிடத்தினாள், பூசணிக்காய்க்குக் கீற்றுப் போடுகிறவள்போல் ஒரே சுற்று. உலகம் படாரென்று இரண்டாயிற்று. குடம் இடுப்பேறியது. அவள் முறை வந்து, முக்கால் குடம் நிறைந்தபோது குழாய் இருமி நின்றது.

திரும்பி வந்தவள், சுவரோரம் இரு பாதி உலகங்களோடு குந்தியிருந்த கணவனைப் பார்த்தாள். சாப்பிட்டீயளா என்று கேட்டாள். அவன் காளையின் வெட்டுவாயைத் தடவினான். அவள் மைதாப்பசை கிண்டினாள். தன் பழைய சேலையின் சிவப்புக்கரையைக் கிழித்து, இரு பாதிகளையும் பொருத்தி, பூமத்திய ரேகைமேல் அதைச் சுற்றி ஒட்டினாள். இரண்டு நாள் உழைப்பில் அவன் கொடுக்காத அழகை அந்தச் சிவப்பு கொடுத்தது.

"சரியா இருக்கா, பாருங்க."

தங்கசாமி பார்த்தான். கீழ்ப்பாதி கால்வட்டம் திரும்பியிருந்தது. காளையின் முன்பாதி மேற்கே தனியாக நின்றது. பின்பாதியோ இலங்கைக்குத் தெற்கே, நீந்தினால் எட்டிவிடும் தூரத்தில், வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. பசை இறுகத் தொடங்கியிருந்தது. கத்தி இன்னும் அவள் அருகில்தான் கிடந்தது. கண்டங்களை ஆள்வோரும் அஞ்சும் அக்கணத்தில் அம்மாவீரன் தன் வாழ்நாளின் ஆகச்சிறந்த தீர்மானத்தை எடுத்தான்.

"அம்சமா இருக்கு" என்றான்.

மறுநாள் காலை, உடைந்து சேர்ந்த அவ்வுலகம், சிவப்புக்கரை வெயிலில் தகதகக்க, காளைகள் இருதிசையும் முழங்க, ராதாமணியின் தலைமேல் ஏறிப் பள்ளி நோக்கிப் பவனி சென்றது.

டீச்சர் பத்துக்கு ஆறு மார்க் போட்டார்.