சிமென்ட் அண்ணன் மாற்றிய பாறை

நடந்தது இதுதான்:

1. செவ்வாய்க்கிழமை அந்தமானின் லாங் ஐலண்ட் கரைப் பாறையில் இருபத்து மூன்று மாதிரிகள் உடைத்துப் பையில் கட்டினேன். பத்தொன்பது ஷேல், அதாவது ஏடு ஏடாக உரியும் களிமண் பாறை. நான்கு சுண்ணாம்புக்கல், சிமென்ட்டுக்கு வேண்டியது.

2. புதன்கிழமை மாலை, ஷேல் என்று நான் எழுதிய பையைப் பிரித்தால் உள்ளே சுண்ணாம்புக்கல். நம்பாமல் ஒரு சொட்டு அமிலம் விட்டேன். பொங்கி நுரைத்தது, சுண்ணாம்பேதான்.

3. இருபத்து மூன்று பைகளும் நுரைத்தன.

4. முகாம் உதவியாள் சிமென்ட் அண்ணன் பக்கத்தில் நின்று பெருமையாகச் சிரித்தார்.

அந்தமான் முழுக்கத் தேடினாலும் அவரளவுக்கு என்னைக் கொதிக்க வைக்கும் ஆள் கிடைக்க மாட்டார்.

தீவுக்குச் சிமென்ட் ஆலை வரும் என்பது அவர் நம்பிக்கை. இடம் பார்த்தாகிவிட்டது. சங்கு எத்தனை மணிக்கு ஊதுவது என்பதுகூட முடிவு. டீக்கடை பெங்காலியிடம், "தாதா, தகரக் கூரை போட்டுராத. நம்ம சிமென்ட் வரட்டும்" என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் இரண்டு மழைக்காலம் ஓலைக்கடியில் நனைந்தார்.

"ஷேல் எல்லாம் எங்கே?" என்றேன்.

"கடல்ல போட்டாச்சு மேடம். அது மிட்டி! மிட்டிய ஜஹாஜ்ல ஏத்துனா மெயின்லேண்டுல காறித் துப்ப மாட்டானா?"

"மண்ணு எவ்வளவு, கல்லு எவ்வளவுன்னு சொல்லத்தானே என்னை அனுப்பியிருக்காங்க! இது இப்படியே கப்பல்ல போயிருந்தா என் வேலை போயிருக்கும். யார் உங்களைத் தொடச் சொன்னது?"

"நாள் பூரா நல்ல கல்லாப் பாத்துப் பொறுக்கினேன். ஷாபாஷ்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

அமில பாட்டிலை இறுக மூடினேன். "பையில கல்லை மாத்தினா பாறை மாறிடுமா அண்ணே?"

"காகிதத்துல மாறினாப் போதும், ஆலை வந்துரும். இங்க வேலை இருந்திருந்தா என் மவன் மெட்ராஸுக்குப் போயிருப்பானா?"

இருபத்து மூன்று பைகளையும் தரையில் கவிழ்த்தேன். வெள்ளிக்கிழமை கப்பல். வியாழன் காலை, கடல் வற்றிக் கிடந்த சில மணி நேரத்துக்குள் இருபத்து மூன்று மாதிரிகளையும் மறுபடி உடைத்தேன். அவர் முழங்கால் தண்ணீரில் மூட்டை சுமந்தார். ஷேல் பை ஒன்று நனையப் போனபோது, தன் சட்டையைக் கழற்றி அதைச் சுற்றினார்.

இப்போதைய நிலை: மாதிரிகள் சரியாகப் போய்ச் சேர்ந்தன. ஷேல் அடுக்குகளுக்கு நடுவே சுண்ணாம்புக்கல் மெல்லிய பட்டைதான், ஆலைக்குக் காணாது என்று எழுதினேன். ஆலை வரவில்லை. என் கோபமும் தீரவில்லை. அடுத்த முகாமுக்கு உதவியாள் யார் வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அவரைத்தான் கேட்டிருக்கிறேன்.