மாப்பிள்ளை குதித்த ஜன்னல்

எங்கள் குடும்பங்களில் காசி யாத்திரை என்ற சடங்கே கிடையாது. ஆனாலும் தாலி கட்ட வேண்டிய காலையில் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிய மாப்பிள்ளை என்று கோலார் தங்கவயலில் எனக்கு ஒரு பெயர் உண்டு. காதல், வரதட்சணைத் தகராறு என்று கௌரவமான காரணம் ஏதாவது இருந்திருந்தால் எப்படியோ சமாளித்திருப்பேன். காரணம் பேய்.

அப்போது சுரங்கம் மூடிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஊரில் பாதிப் பேரைப் போல நானும் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்தேன். தங்கவயலிலேயே நந்திதுர்க் பகுதியில் பெண் அமைந்தது. பெயர் செல்வி. அவளுடைய அப்பா சுரங்கத்தில் மணியடித்தவர். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணிதான் பாஷை. மூன்று அடித்தால் ஆள் ஏறத் தயார், ஒன்று அடித்தால் நிறுத்து. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பிள்ளைகளான நாங்கள் ஆனா ஆவன்னாவுக்கு முன்பே இதைக் கற்றுக்கொண்டவர்கள்.

மாப்பிள்ளை தங்குவதற்கு மாமனார் பக்கத்து ஊரிகம் பகுதியில் ஒரு பழைய பங்களாவைப் பிடித்திருந்தார். வெள்ளைக்கார இன்ஜினீயர்கள் தங்கிய விடுதி அது.

"எங்கப்பா காலத்துல நாம அந்த கேட்டுக்குள்ளயே போவ முடியாது மாப்ள. துரைங்க படுத்த கட்டில்ல நீங்க படுக்கணும்" என்றார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபின் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

பங்களா வாட்ச்மேன் பெட்டியை இறக்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "சுரங்கத்துல செத்துப்போன துரை ஒருத்தரு இன்னும் இங்கதான் சுத்தறாரு. விடியக்காலைல வந்து கதவை மூணு தட்டு தட்டுவாரு. மேல ஏறணுமாம், பாவம்."

துணைக்கு வந்த நண்பர்கள் கல்யாண மண்டபத்து ஜமக்காளமே போதும் என்று நழுவினார்கள். நான் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, "அண்டர்கிரவுண்ட்ல வேலை செஞ்சவரு புள்ள நானு. செத்த துரைக்கு பயப்படுவனா?" என்றேன். (இன்னா தைரியம்!) இரவு முழுவதும் எல்லா விளக்குகளையும் எரியவிட்டுத் துரையின் கட்டிலில் புரண்டுகொண்டிருந்தேன்.

விடிவதற்குச் சற்று முன் தூக்கம் வந்தது. கூடவே சத்தமும் வந்தது.

டொக். டொக். டொக்.

எழுந்து கதவருகே போனேன். யாரென்று கேட்டிருக்கலாம். நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் கை மட்டும் சின்ன வயதுப் பழக்கத்தில் தானாக நீண்டு கதவை ஒரே ஒரு தட்டு தட்டியது. நிறுத்து! வெளியே சத்தம் அடியோடு நின்றுவிட்டது. காலடி இல்லை, இருமல் இல்லை. துரையேதான், பேய்க்குக்கூட மணி பாஷை மறக்கவில்லை என்று முடிவே செய்துவிட்டேன். அடுத்த நிமிடம் கம்பியில்லாத பின்பக்க ஜன்னல் வழியாக வேட்டியும் பனியனுமாகக் குதித்தேன்.

எங்கே ஓடுவது? வெளிச்சமும் மனிதர்களும் இருக்கும் இடம் அந்த நேரத்தில் ஸ்டேஷன் ஒன்றுதான். முதல் ரயிலுக்கு நின்றிருந்த என் தினசரிக் கூட்டாளிகள் வாயைப் பிளந்தார்கள். "இன்னாடா, கல்யாணத்தன்னிக்கும் டூட்டியா?"

அதற்குள் எனக்கு அலங்காரம் செய்யப் பின்பக்கமாக வந்தவர்கள், ஜன்னல் திறந்து கிடப்பதைப் பார்த்து மண்டபத்தில் போய்ச் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேறொருத்தி இருக்கிறாள் என்று சமையற்கட்டுவரை செய்தி போய்விட்டதாம். மாமியார் மயங்கி விழுந்தாராம். இது எதுவும் தெரியாமல் நான் பெஞ்சில் உட்கார்ந்து ஓசி டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

கூட்டாளி எவனோ மண்டபத்துக்குப் போன் போட்டிருக்கிறான், ஒரு ஆட்டோ வந்து நின்றது. பாதி பின்னிய ஜடையோடு செல்வி இறங்கினாள். பின்னால் அவள் அப்பா.

"இன்னாங்க, என்னைப் புடிக்கலியா? புடிக்கலன்னா இங்கயே சொல்லிடுங்க. எங்க ஆளுங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்." குரல் நடுங்கவில்லை. மருதாணிக் கை மட்டும் ஜடை நுனியை விடவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"புடிச்சிருக்கு. பேய் வந்துச்சு. மூணு தட்டுச்சு. நான் ஒண்ணு தட்டுனேன். அப்படியே நின்னுடுச்சு" என்று உளறினேன்.

செல்வி மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் கையில் இன்னும் பிளாஸ்க் இருந்தது.

"அது நான்தான் மாப்ள. காப்பி எடுத்தாந்தேன். மாப்ளைய கத்தி எழுப்பறது மரியாதை இல்லியேன்னு தட்டுனேன். நீங்க ஸ்டாப் குடுத்தீங்க. இவ ஆட்டோல வந்து கூப்பிடறவரைக்கும் அங்கயே நின்னுட்டேன். அடுத்த மணி வராம எப்படி அசையறது?"

செல்வி பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணீர் வரச் சிரித்தாள், பாதி நிஜமாகவே அழுகை என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஆட்டோவில் நான் மாப்பிள்ளை ஊர்வலம் போனேன். தாலியும் நேரத்துக்குக் கட்டினேன்.

இன்று ஷாஃப்டு என்ற அந்தச் சுரங்கக் குழிகளில் தண்ணீர் நிற்கிறது, கேஜ்கள் துருப்பிடித்துவிட்டன. பேய்க்குக் கொடுத்த உத்தரவை ஒரு வார்த்தை பேசாமல் மதித்து நின்ற மாமனாரைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்போடு ஏக்கமும் வருகிறது. அப்படி நிற்க இப்போது யாருக்குத் தெரியும்?

எங்கள் வீட்டில் மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன் மாப்பிள்ளை ரூம் ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். போன மாதம் மச்சான் மகளுக்குப் பெங்களூர் ஹோட்டலில் கல்யாணம். மாமனார் தடியை ஊன்றிக்கொண்டு மாப்பிள்ளை அறைக்குப் போய், திரையை விலக்கிக் கீழே எட்டிப் பார்த்தார். ஆறாவது மாடி.

"இன்னா தாத்தா பாக்கறீங்க?" என்றார் புது மாப்பிள்ளை.

"ஒண்ணுமில்ல கண்ணு. எங்க மாப்ள மாதிரி நல்லவங்க ஓடுனாலும் திரும்பி வந்துடுவாங்க. எல்லாரையும் அப்படி நம்ப முடியுமா?"