பதினான்கு கேள்விகளுக்கும் விடை கனகசெட்டிக்குளத்தில்

புதுச்சேரி,
வியாழக்கிழமை.

என் மனைவி வசந்தாவுக்குக் கண்ணையன் எழுதுவது. இங்கு நலம். அங்கு நீயும் உன் அண்ணன் கன்னியப்பனும் அவர் குடும்பத்தாரும் நலமென்று நம்புகிறேன். 'இங்கு நலம்' என்பது வழக்கத்தை ஒட்டி எழுதியது. மருத்துவர்கள் இதற்கு உடன்படவில்லை. வரும் திங்கட்கிழமை எனக்கு பைபாஸ் அறுவை செய்ய இருக்கிறார்கள். போனிலேயே சொல்லியிருப்பேன். என் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பதால், மில் சங்கத்துக்கு மனு எழுதிப் பழகிய கை மறுபடி பேனாவை எடுத்திருக்கிறது. கடிதம் கொண்டுவரும் பக்கத்து வீட்டு பிரேம்குமாருக்கு ஒரு வாய் தண்ணீராவது கொடுக்கவும்.

நீ பதற ஒன்றுமில்லை. விஷயம் ஒரு படிவத்தைப் பற்றியது. நான் சேர்ந்திருக்கும் மருத்துவமனையில் இனியா என்று ஓர் இளம் மருத்துவர். அவருடைய கணினி, முன்பு இதய அறுவை செய்துகொண்ட பல ஆயிரம் பேரின் விவரங்களைப் படித்து வைத்திருக்கிறதாம். அடுத்து வருகிறவருக்கு இதயத்தைத் தொட்டால் சிறுநீரகம் கெடுமா என்பதை நூற்றுக்கு இத்தனை என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லுமாம். ஒருவரைக் கவனித்தால் இன்னொருவர் கோபித்துக்கொள்வதை உங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பார்த்தவன் என்பதால் எனக்கு எளிதில் விளங்கிவிட்டது. கணிப்புக்கு என்னைப் பற்றிப் பதினான்கு கேள்விகள். முதல் கேள்வி வயது, அதில் தேறினேன்.

"ராத்திரில எத்தினி வாட்டி யூரின் போக எழுந்துக்கிறீங்க ஐயா?" என்றார்.

"அத நான் எண்றதில்லம்மா. லைட்டு போடுறவங்கதான் எண்ணுவாங்க."

"கால் வீங்குதா?"

"செருப்பு சரியாத்தான் இருக்கு" என்றேன். போன வருடம் ஒருநாள் நீ என் செருப்பு வாரை ஒரு துளை தள்ளிப் போட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. மூட்டுவலி மாத்திரை வாரத்துக்கு எத்தனை என்றதற்கு, ஆண்பிள்ளைக்கு உரிய முறையில், ஒன்றுகூடக் கிடையாது என்றேன். சிறுநீரகம் கெட நூற்றுக்குப் பன்னிரண்டு வாய்ப்பு என்றது கணினி. மறுநாள் என்னைப் பார்க்க வந்த மில் சகா இராமதாஸ், "இன்னாண்ணே பொய் சொல்ற, மிட்டாய் மாரி போடுவியே" என்றான். கணினி முப்பத்தொன்றுக்கு ஏறியது. உப்பே சேர்ப்பதில்லை என்று சமாளித்தேன். அவன் எனக்காகக் கொண்டுவந்திருந்த கருவாட்டுப் பொட்டலம் அந்த நேரம் பார்த்து மணக்கத் தொடங்கியது. கடைசியில் மருத்துவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தெரியாததைக் காலியாக விட்டால் அங்கே மற்றவர்களின் சராசரியைக் கணினியே போட்டுக்கொள்ளும் என்றார். முப்பத்தாறு வருடம் குடித்தனம் செய்தவனுக்கு ஊர்ச் சராசரியா என்று கேட்டேன்.

"அப்ப அம்மாவ வரச் சொல்லுங்க."

"கனகசெட்டிக்குளத்துல இருக்காங்க."

"ஒரு மணி நேரம்தானே ஐயா?"

"எட்டு மாசமா வந்துகினுதான் இருக்காங்க."

அவர் சிரிக்கவில்லை. "எதுக்குக் கோச்சிக்கினாங்க?" என்றார். 'ஒனக்கு இன்னா தெரியும்' என்று உன் அண்ணன் எதிரில் உன்னைக் கேட்டதைச் சொன்னேன். அவர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படிவத்தைப் பார்த்தார். பதினான்கில் பதின்மூன்று காலி.

ஆகவே கேள்விகளை இத்துடன் இணைத்துள்ளேன். விடைகளை ஒரு தாளில் எழுதி பிரேம்குமாரிடம் கொடுத்தனுப்பினால் போதும். நீ நேரில் வர வேண்டியதில்லை. இது முழுக்க மருத்துவம் சம்பந்தப்பட்டது. ரெட்டியார்பாளையம் வீட்டில் ஒரு குறையும் இல்லை. இங்க வந்து படுக்குற வரைக்கும் காலைல ரெண்டு டம்ளர் டீ போட்டுட்டு ரெண்டாவதையும் நானே குடிச்சிடுவேன். ஒரு டம்ளர் அளவுக்குப் போட இன்னும் கை வரல, அவ்ளோதான்.

உன் அண்ணனுக்கு வணக்கமும் அவர் பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
மேற்படிப் படிவத்துக்கு உரிய நோயாளி,
கண்ணையன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது மருத்துவர் வந்தார். பீரோவில் நீ தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்த மருந்துச் சீட்டுகளை பிரேம்குமார் கொண்டுவந்து கொடுத்தானாம். அதிலும் ரத்தப் பரிசோதனையிலும் வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டதாம். எனவே மேலே கேட்ட எதற்கும் நீ பதில் எழுத வேண்டாம். திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு என்னை உள்ள கொண்டுபோவாங்க. உன்னக் கேக்க இப்ப ஒரு கேள்வியும் இல்ல. பயமா இருக்கு வசந்தா. ஞாயித்துக்கிழமையே வந்துடு.